மேடில்லாத ஊர்

கெலிமானேயில் மேடே கிடையாது.
ஆற்றங்கரையிலிருந்து விமான நிலையம் வரை
துடைத்து வைத்த பலகை.
"இங்கே பிரேக் எதற்கு தெயொலிந்தா?
காலை ஊன்றினால் வண்டி நிற்கும்"
என்பான் அபிலியோ.
அவன் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
குதிகாலில் பாதி இல்லை.
என் பிரேக் கட்டை தேயாத ரகசியம்
அங்கே கிடந்தது.

எனக்கு மூன்று சைக்கிள்கள்.
மூன்றும் சீட்டுப் பணத்தில் வந்தவை.
பின்கேரியரில் பஞ்சு வைத்து
பூப்போட்ட துணியால் தைத்தது நான்.
மூன்று பேர் வாடகைக்கு எடுத்து
ஊரையே ஏற்றி இறக்குகிறார்கள்.
பொழுது சாய்ந்ததும் பணம் என் கைக்கு வரும்,
வண்டி என் முற்றத்துக்கு வரும்.
விடியுமுன் நான் தொட்டுப் பார்க்காமல்
எதுவும் வாசல் தாண்டாது.

நாலரை மணி.
கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு
டயரைக் கட்டைவிரலால் அமுக்குவேன்.
பழுத்த மாம்பழமென்றால் காற்றடி,
பச்சைத் தேங்காயென்றால் விடு.
இரண்டு ஆள் கனம், சில நாள் கூடவே ஓர் ஆடு.

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால்
ஷ்க்.
அப்புறம் மௌனம்.
மறுபடி அதே இடத்தில் ஷ்க்.
கோட்டம்.
கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
இறுகியவை பதில் சொல்லின.
பதினேழாவது வாயே திறக்கவில்லை.

மொமாத் செயினுக்குச் சமையல் எண்ணெய் விட்டிருக்கிறான்.
மழைச்சேறும் அதுவும் கூடி
பல்லுக்குப் பல் கறுப்புக் களி.
அவனையே துடைக்க வைத்தேன்,
மண்ணெண்ணெய் என் செலவு.

முன்சக்கரத்தை முழங்கால்களில் இறுக்கி
ஹேண்டில்பாரை முறுக்குவேன், அசையக் கூடாது.
பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளுவேன், நகரக் கூடாது.
கடைசியில் பெல்.
மூன்று வண்டிக்கும் மூன்று முறை.
பக்கத்து வீட்டு பெர்தா
ஒன்பது வசவு வீசுவாள். கணக்குச் சரி.

அபிலியோ வண்டியின் முன் ஃபோர்க்கில்
சிவப்பு டேப் சுற்றியிருந்தது.
"அழகுக்கு" என்றிருந்தான்.
நன்றாயிருக்கிறது என்று நானும் சொல்லியிருந்தேன்.
வெள்ளிக்கிழமைதான் உறைத்தது:
அழகு ஏன் ஒரு பக்கம் மட்டும்?
நகத்தால் உரித்தேன்.
முடியளவு விரிசல்.

"எத்தனை நாளாக?"
"நாலு."
"யாரையெல்லாம் ஏற்றினாய்?"
விரல் விட்டான். ஒரு வாத்தியார்.
தேங்காய் மூட்டையோடு ஒருத்தி.
பள்ளிப் பிள்ளைகள், ஒரே சவாரியில் இரண்டு பேர்.
"நேற்று நீ" என்றான்.

ஆமாம், நான்தான்.
சந்தை வரை பின்னால் உட்கார்ந்து
வேகமாகப் போ, வேகமாகப் போ என்று
முதுகில் குத்திக்கொண்டே போனேன்.

கை ஓங்கவில்லை. வாயும் எழவில்லை.
அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:
"வண்டி நின்றால் என் நாள் போகும்.
உன் வாடகை மட்டும் நிற்காதே."
அதுவும் என் சட்டம்தான்.
டேப்பை வாங்கியது அவன்.
நாலு விடியல் அதன்மேல் ஓடிய விரல்கள்
என்னுடையவை.

ஃபோர்க்கை ஒட்ட வைக்கலாம் என்றார் வெல்டர்.
வேண்டாம் என்று புதிதே வாங்கினேன்.
இரண்டு நாள் வாடகை எழுதவில்லை.
நோட்டில் அந்தக் கட்டங்கள்
இன்னும் வெறுமையாக என்னை முறைக்கின்றன.

இன்று நாலு மணிக்கே கதவைத் தட்டினான்.
"நேற்று ராத்திரி விடும்போதே பின்னால் ஏதோ சத்தம்."
தூக்கக் கலக்கத்தோடு சக்கரத்தைச் சுழற்றினேன்.
கம்பிக்கிடையில் ஒரு காய்ந்த ஓலைத் துணுக்கு.
வேறொன்றுமில்லை.
இதற்கா எழுப்பினாய் என்று
தெருவே கேட்கத் திட்டினேன்.
பிடுங்கி எறிந்துவிட்டு
மிச்சத்தையும் பார்த்தேன், ஃபோர்க்கிலிருந்து தொடங்கி.

அவன் ஏறி உட்கார்ந்து
வேண்டுமென்றே நீளமாகப் பெல்லடித்தான்.
பெர்தாவின் ஜன்னல்
படீரெனத் திறந்தது.